நாலாவது மாடி வைத்தியம்

உலகத்தில் நோயை ஒழித்தவர்கள் இரண்டே வகை. மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு வகை. மருந்தை நாலாவது மாடிக்கு ஏற்றியவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் இதுவரை நான் ஒருவன்தான்.

எங்கள் அரசு மருத்துவமனையில் இலவச மருந்துச் செலவைக் குறைக்க இயக்குநர் கூட்டம் போட்டார். மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம் என்றார் ஒருவர். நோயாளியையே பாதியாகக் குறைக்கலாம் என்றேன், அலுவலகக் கண்காணிப்பாளனாகிய நான்.

"எப்படிய்யா?"

"மருந்து கவுண்டரை நாலாவது மாடிக்குக் கொண்டுபோயிடுவோம் சார். ஏற முடிஞ்சவங்களுக்கு மருந்து எதுக்கு? ஏற முடியாதவங்க வரவே மாட்டாங்க."

"லிப்ட் இருக்கே?"

"ரிப்பேராகி மூணு வருஷமாச்சு சார். தெய்வச் செயல்!"

இயக்குநர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். விதிகளையும் நானே எழுதினேன். ஏழாம் விதி எனக்கு மிகவும் பிடித்தது: 'நோயாளி நேரில் வர வேண்டும். இயக்குநர் நீங்கலாக எவருக்கும் சிபாரிசு செல்லாது.'

முதல் மாதமே செலவு மளமளவென்று சரிந்தது. வராதவர்களை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மருந்தாளர் தலையைச் சொறிந்தார். 'குணமடைந்தோர்' என்று எழுதச் சொன்னேன். ஒரே மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்! இந்தக் கைராசி எந்த டாக்டருக்கு உண்டு?

எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். கீழ்த்தளத்தில்தான்; இயக்குநருக்கு மூட்டு வலி. அவர் கையால் கேடயம் வாங்கிய நேரத்தில் வார்டு ஆயா ஓடி வந்தார்.

"சார், உங்க அக்கா மூணாவது மாடிப் படியில உட்கார்ந்துட்டாங்க. மூச்சு வாங்குது, பேச்சே வரல."

அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள் அக்கா. கேடயத்தோடு இரண்டிரண்டு படியாகத் தாவினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த மருந்துச் சீட்டை நீட்டினாள். அதைப் பிடுங்கிக்கொண்டு நாலாவது மாடிக்கு ஓடினேன்.

"சீக்கிரம் குடுய்யா! அக்காவுக்கு!"

"நேர்ல வரணுமே சார். ஏழாம் விதி."

"அவளால ஏற முடியலய்யா!"

"அட, அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

எனக்கு உயிர் வந்தது. மருந்தாளர் அலமாரியைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் பதிவேட்டைத் திறந்தார். கீழே அக்கா இருமுவது கேட்டது. 'குணமடைந்தோர்' பக்கத்தில் நானூற்றுப் பதின்மூன்று என்று அழகாக எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா பேரு என்ன சார்?"