அரையும் மூன்றில் ஒன்றும்

வீடியோவை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர், சரியாக ஏறியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த இன்பராணி. இன்னொருவர், அவள் சொன்னதற்காகப் பார்த்த கணவர் இஸ்ரவேல்.

"ஆறாம் வகுப்புல முப்பத்தெட்டுப் பிள்ளைக. ஒண்ணுகூடப் பாக்கலியே," என்றாள்.

"நானே பாதிதான் பாத்தேன் ராணி. ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாயிட்டு."

அப்படியானால் ஒன்றரைப் பேர். பின்னக் கணக்குப் பாடத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பள்ளியில் புது முறை வந்திருந்தது. ஆசிரியர் பாடத்தை வீடியோவாக எடுத்து ஆப்பில் போட வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் விவாதம் மட்டுமே நடக்கும்.

"மாசக் கடைசிக்குள்ள நாப்பது வியூவாவது வரணும் மேம்," என்றார் பிரின்சிபால் கிருஷ்ணபிரசாத். "இல்லேன்னா ஆறாம் வகுப்பை வேற யாருக்காவது குடுக்கச் சொல்றாங்க ஸ்கூல் கமிட்டில. நீங்க லைப்ரரியப் பாத்துக்கலாம். கொஞ்சம் சிரிச்ச முகமா எடுங்களேன்."

ஜனக்புரியிலிருந்து இருபத்திரண்டு வருடமாக பஸ் பிடித்து, தலைநகரின் இந்தத் தமிழ்ப் பள்ளிக்கு வந்து கணக்கு நடத்துகிறவள் இன்பராணி. நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்துக்குத் தூசி தட்ட அவள் தயாராக இல்லை.

அடுத்த வீடியோவில் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே சமையலறையில் குக்கர் நாலு விசில் அடித்தது. பதினோரு வியூ வந்தது. மறுநாள் வகுப்பில் விவாதமும் நடந்தது.

"நாலு விசிலுன்னா ராஜ்மா," என்றான் அபினவ்.

"சாதமா இருக்கும். ராஜ்மாவுக்கு நாலு பத்தாது," என்றாள் வைஷ்ணவி.

பின்னத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது வீடியோவின் கடைசியில் ஒரு ரகசியச் சொல்லை வைத்தாள். பூசணிக்காய். அதை நோட்டில் எழுதி வருபவர்களுக்கு இரண்டு மார்க். மறுநாள் முப்பத்தெட்டு நோட்டிலும் பூசணிக்காய் இருந்தது. ஆப்பில் மூன்று வியூதான். யாரோ ஒரு புண்ணியவான் பார்த்து, வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான். பாதிப் பேர் அதை ஹிந்தியில் எழுதியிருந்தார்கள்.

"ஒரு தப்பு செஞ்சு வையி," என்றார் இஸ்ரவேல், சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே. "தப்புன்னா எல்லாரும் பாப்பாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான்காவது வீடியோவில், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று பெரிதாக எழுதினாள். கடைசி நிமிடத்தில், "இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிச்சா அஞ்சு மார்க்," என்று சொல்லி முடித்தாள்.

கடைசி நிமிடம் வரை யாரும் பார்க்கவில்லை.

அபினவின் அம்மா லதா முதல் ஆளாகப் பெற்றோர் குழுவில் எழுதினாள். "டீச்சருக்கே கூட்டத் தெரியலை. நம்ம பசங்க கதி என்ன?"

பத்து நிமிடத்தில் இன்பராணிக்கு ஆதரவாக ஒருவர் வந்தார். வைஷ்ணவியின் அப்பா வெங்கடராமன். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருப்பவர். பாரா எண் போட்டு, இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார். மேலே இருப்பவை இரண்டையும் கூட்டினால் இரண்டு. கீழே இருப்பவை இரண்டையும் கூட்டினால் ஐந்து. ஆகவே டீச்சர் எழுதியதே சரி. இத்துடன் இவ்விஷயம் முடித்து வைக்கப்படுகிறது.

இன்பராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிர்த்தவள் சொன்னது சரி. ஆதரித்தவர் சொன்னது தப்பு.

'வேண்டுமென்றே செய்த தவறு' என்று குழுவில் எழுதிப் பார்த்தாள். "மாட்டிக்கிட்டதும் இப்படிச் சொல்றாங்க," என்றாள் லதா. "டீச்சர் யாருக்கும் பயந்து பின்வாங்க வேண்டாம்," என்றார் வெங்கடராமன். குழு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வியூ இருநூறைத் தாண்டியது.

விளக்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்று, இன்னொரு வீடியோவுக்காகச் சப்பாத்தி ஒன்றைச் சுட்டு ஆறு துண்டாக வெட்டினாள். அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு துண்டு. ஆக ஐந்து துண்டு, ஆறில் ஐந்து.

"மிச்சம் இருக்க ஒரு துண்டு உங்களுக்கு," என்று இஸ்ரவேலிடம் சொல்லிவிட்டு, போனைச் சார்ஜரிலிருந்து எடுத்துவரப் போனாள். திரும்பி வந்து ஒரே மூச்சில் பேசி, ஏற்றியும் விட்டாள். அப்புறம்தான் கவனித்தாள். "மொத்தம் அஞ்சு," என்று அவள் காட்டுகிற தட்டில் நாலுதான் இருந்தது.

"ரெண்டு தின்னீங்களா?"

"சின்னதா இருந்துச்சு," என்றார் இஸ்ரவேல்.

ஆறில் நாலு என்று மூன்றாவது கட்சி ஒன்று உருவானது. வியூ ஆயிரத்தைத் தொட்டது. யாரோ பிரின்சிபாலுக்கு போன் செய்தார்கள்.

"வெள்ளிக்கிழமை கமிட்டி உங்க வகுப்புக்கே வர்றாங்க மேம்," என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்வளவு?"

முப்பத்தெட்டுக் கைகளும் மேலே போயின.

வைஷ்ணவி கரும்பலகைக்கு வந்தாள். இரண்டின் கீழும் ஆறு வரும்படி மாற்றினாள். மூன்றும் இரண்டும் ஐந்து, ஆறில் ஐந்து என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டாள்.

"அஞ்சுல ரெண்டுன்னு சிலர் சொல்றாங்களே?" என்றார் பெரியவர்.

அபினவ் எழுந்தான். "அது அரையைவிடக் கம்மி சார். அரைகூட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிக் கம்மியாகும்?"

அதற்குப் பிறகு இன்பராணி நடத்த ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். மடங்கியவன் இன்னொரு பின்னத்தைச் சொல்லித் திருப்பி அடித்தான். இருபத்திரண்டு வருடத்தில் இப்படியொரு கணக்கு வகுப்பை அவள் பார்த்ததில்லை. மேஜையில் சாய்ந்தபடி, மனம் நிறைந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அச்சா, இதுதான் டிஜிட்டல் கல்வி," என்றார் பெரியவர். "ஆயிரம் வியூ சும்மா வருமா? ஆறாம் வகுப்பு மேமோடயே இருக்கட்டும். மத்த டீச்சருங்களுக்கும் இவங்களே சொல்லிக்குடுக்கணும்."

கிருஷ்ணபிரசாத் அவசரமாகத் தலையாட்டினார். கிளம்பும்போது பெரியவர் வைஷ்ணவியின் மேஜைக்கருகில் நின்றார்.

"நீ அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்தேம்மா?"

"பாக்கவே இல்ல சார். குரூப்புல சண்டை போட போன் அப்பாகிட்டயேதான் இருந்துச்சு," என்றாள் வைஷ்ணவி. "எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமேன்னு நாங்க எல்லாரும் புக்கைப் படிச்சோம்."