வலது கைக்கு மறு மெடிக்கல்

அடுத்த செவ்வாய்க்கிழமை வரை என் வலது கையை அசைக்கப்போவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்தக் கையால் சாப்பிட மாட்டேன், சொறிய மாட்டேன். கொசு வந்து உட்கார்ந்தால் வயிறாரக் கடித்துவிட்டுப் போகட்டும். செவ்வாய்க்கிழமை எனக்கு மறு மெடிக்கல்.

பட்டாளத்தில் சப்ளைப் பிரிவில் இருந்தபோது லாரியின் பின்கதவு என் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கை ஓர் அளவுக்கு மேல் மடங்காது. காலையில் விறைத்துக் கிடக்கும். கட்டை விரல் பாதி நேரம் மரத்துப்போயிருக்கும். இதில் ஒரு துளி பொய் இல்லை. இதற்காகத்தான் பென்ஷனோடு ஊனத் தொகையும் வருகிறது.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் விஷயம் கொஞ்சம் வளர்ந்தது. காயம் மணிக்கட்டோடு நின்றது. சலுகை மட்டும் முழங்கை, தோள்பட்டை என்று ஏறி, கழுத்தைச் சுற்றிக்கொண்டு இடது பக்கமும் இறங்கிவிட்டது. தண்ணீர் கேன் தூக்க முடியாது. போர்வை பிழிய முடியாது. குக்கர் மூடி திறக்க முடியாது. இடது கை சும்மாதானே இருக்கிறது என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"அதுக்குப் பழக்கமே இல்லம்மா. பச்சைக் குழந்தை மாதிரி அது" என்றேன்.

நம்பிவிட்டாள். அப்படித்தான் நினைத்தேன்.

போன மெடிக்கலில் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். உள்ளே போனதும் டாக்டர் கை நீட்டினார். தோளில் கர்னல் பட்டை. கர்னல் கை நீட்டும்போது எந்தச் சிப்பாய்க்கு வலி ஞாபகம் வரும்? விறைப்பாக நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கினேன். நல்ல பிடி என்று பாராட்டினார். பாராட்டிவிட்டு என் ஊன சதவீதத்தைப் பாதியாக வெட்டிவிட்டார். வெளியே வந்து மரத்தடியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த முறையும் வெட்டினால் தொகை அடியோடு நின்றுபோகும். எங்கள் வீட்டு வாடகை அதில்தான் ஓடுகிறது.

அதனால் உஷாரானேன். பட்டாளத்தில் பாதி நாள் வாசலில் காவல் நின்றவன் நான். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவன்.

முதல் சந்தேகம் எதிர்வீட்டுக்காரர் மேல். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து கேஸ்களைத் துருவித் துருவி விசாரித்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். எப்போதும் கசங்கிய சட்டை, கையில் போன். அந்தப் போனின் முதுகு எப்போதும் என் பக்கமே திரும்பியிருக்கும். பென்ஷன் ஆபீஸ் வைத்த ஆள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மணிக்கட்டுப் பட்டையைக் குளிக்கும்போதுகூட நான் கழற்றவில்லை. பட்டையிலிருந்து ஒரு வாடை வந்தது. வரட்டும்.

வெள்ளிக்கிழமை நான் மாடிப்படியில் இறங்கும்போது அவர் ஓர் அட்டைப் பெட்டியோடு ஏறி வந்தார். என்னருகே வந்ததும் கால் தடுக்கியது.

"சார், பிடிங்க, பிடிங்க."

பெட்டி பறந்து வந்தது. இடது கையை நீட்டி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளே ஏதோ இரும்பு. வலது கை இடுப்பை விட்டு நகரவில்லை. எவ்வளவு பெரிய பொறி, எவ்வளவு லாகவமாகத் தப்பித்தேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் வாசலில் மனைவி துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

உள்ளே போய் அவளிடம் சதியை விளக்கினேன். அவளும் கவனித்தாளாம், என் வலது கை அசையவே இல்லையாம்.

"ரொம்பக் கனமாங்க?"

"செம கனம். வேற யாராவது இருந்தா தோள் இறங்கியிருக்கும்."

"பாவம்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். சாப்பாடு ஊட்டினாள். சட்டைக்குப் பொத்தான் போட்டாள். தண்ணீர் கேன் பேச்சே எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது. என் சந்தேகம் எதிர்வீட்டிலிருந்து கிளம்பி என் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. மெடிக்கலுக்கு அவளும் கூட வரப்போகிறாள். டாக்டரிடம் வீட்டு வண்டவாளத்தைக் கொட்டிவிட்டால்?

திங்கட்கிழமை மத்தியானம் வாயில் சோற்றோடு கேட்டேவிட்டேன்.

"உண்மையைச் சொல்லு. நாளைக்கு என்னைப் பத்தி ஏதாவது சொல்லப்போறியா?"

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன். வாடகை குடுக்க வேணாமா?"

"அப்புறம் எதுக்கு இவ்ளோ கவனிப்பு?"

"சந்தேகமா இருந்தா தட்டைக் கையில குடுத்துடறேன். நீங்களே சாப்பிட்டுக்கோங்க."

"சேச்சே, சும்மா கேட்டேன்."

அடுத்த கவளத்தை உருட்டியபடி, போன தடவை இரண்டு கையையும்தானே அழுத்திப் பார்த்தார்கள் என்று கேட்டாள். ஆமாம், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவார்கள் என்றேன்.

"அப்ப இடதையும் நீங்க நோஞ்சான் மாதிரி அழுத்தினா, இவருக்கு ரெண்டுமே இப்படித்தான்னு எழுதிட மாட்டாங்களா?"

என் வாய் திறந்தபடி நின்றது. அதில் கவளத்தை வைத்தாள்.

"இடதுல உயிரைக் குடுத்து அழுத்துங்க. அப்பதாங்க வலது எவ்ளோ மோசம்னு தெரியும்."

இப்படிப்பட்டவளையா சந்தேகப்பட்டோம் என்று எனக்குக் கண் கலங்கியது. சாயங்காலம் என் சட்டையைத் தேய்க்க அவளே கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். மாமனார் கொடுத்த பழைய இஸ்திரிப் பெட்டி ரிப்பேரில் இருக்கிறதாம்.

செவ்வாய்க்கிழமை இருந்தவர் ஒரு பெண் டாக்டர். மேஜர். கை நீட்டிவிடப் போகிறாரே என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் நீட்டவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டை மெதுவாக மடக்கி அளந்தார். இதைப் போய் எப்படிக் குறைத்தார்கள் என்று அவரே ஆச்சரியப்பட்டார். கர்னலின் கைகுலுக்கலைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

பிறகு பிடியை அளக்கும் கருவியைக் கொடுத்தார். வலது கையால் நிஜமாகவே முடிந்தவரை அழுத்தினேன். முள் சோம்பல் முறித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர். அடுத்தது இடது. என்னைத் திட்டிய அத்தனை ஹவில்தார்களையும் நினைத்துக்கொண்டு அழுத்தினேன். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

"இது இருபது வயசுப் பையனோட கை" என்றார் மேஜர்.

நெஞ்சு நிமிர்ந்தது. வெட்டிய சதவீதத்தைத் திரும்பச் சேர்க்க எழுதுகிறேன் என்றார். வாடகை பிழைத்தது. அப்போதுதான் மனைவி சன்னமான குரலில் ஆரம்பித்தாள்.

"டாக்டர், இந்த இடது கைக்கு வேலை குடுக்கலாங்களா? கனமா ஏதாவது?"

"குடுத்தே ஆகணும்மா. வலதோட பாரத்தையும் இனி இதுதான் சுமக்கணும். சும்மா வெச்சிருந்தா இதுவும் இறுகிடும்."

"அவர்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா மறந்துடுவார்."

மேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார். குதிகால் தானாகச் சேர்ந்தது. "யெஸ் மேடம்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

வீட்டு வாசலில் தண்ணீர் கேன் நின்றிருந்தது. மனைவி கேனைப் பார்த்தாள், என் இடது கையைப் பார்த்தாள். தூக்கினேன். அடுத்து போர்வை. ஒரு முனையைக் குழாயில் கட்டி, மறு முனையை இடது கையில் கொடுத்தாள். முறுக்கினேன். எப்படியோ எதிர்வீட்டு வேவுக்காரனை ஏமாற்றிவிட்டோம் என்ற ஒரே ஆறுதலில் முறுக்கினேன்.

சாயங்காலம் அவரே அந்த அட்டைப் பெட்டியோடு வந்தார். கூடவே ஒரு பெரிய பை.

"காரியம் நல்லபடியா முடிஞ்சுதாமே சார். இந்தாங்க, உங்க வீட்டம்மா குடுத்த பெட்டி. ஒத்தைக் கையில என்னமாப் பிடிச்சீங்க."

பிரித்தேன். மாமனார் கொடுத்த இஸ்திரிப் பெட்டி. பையைப் பிரித்தேன். கசங்கிய சட்டைகள். படியில் தடுக்கி என் இடது கையை வேவு பார்த்ததற்குக் கூலியாம். அவரும் மனைவியும் முன்பே பேசி வைத்ததாம். நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அங்கே பாத்திரங்கள் ரொம்ப மும்முரமாகச் சத்தம் போட்டன. பிறகு குரல் வந்தது.

"காலரை நல்லாத் தேய்ங்க. அவர் பழைய இன்சூரன்ஸ்காரர், ஒரு சுருக்கம் இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவார்."