விசிலக்கா ஏந்திய குளம்

இந்தத் தீவில் காகத்தை வரிசையில் நிற்க வைத்த ஒரே மனிதப் பிறவி விசிலக்காதான். பேருந்துக்கும் கோழிச்சோற்றுக்கும் நாம் வரிசையில் நிற்பதில் வியப்பில்லை. நமக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. காகம் அப்படியா? தெம்பனிஸ் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் அடியில் இருக்கும் தோட்டத்தில், தனக்கு முன்னால் வந்த மைனா ஒன்று குளித்து முடிக்கும்வரை வேலிக்கம்பியில் அலகை மூடிக்கொண்டு காத்திருந்த காகத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொண்டை வரை வந்த ஒரு 'கா'வை அது விழுங்கிக்கொண்டதையும் பார்த்தேன்.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் பிளாக்கில் யாருக்கும் தெரியாது. பொது நீச்சல்குளம் ஒன்றில் உயிர்காப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் குளிப்பதைப் பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவர். வேலை போனது, விசில் போகவில்லை. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசில் அது. தீபாவளிக்குப் பட்டுப்புடவை கட்டினாலும் சங்கிலிக்கு மேல் அதுதான் தொங்கும். லிஃப்டில் முட்டிமோதுகிறவர்களைப் பார்த்து ஊதுவார். நடைபாதையில் சைக்கிளில் பறக்கிறவர்களைப் பார்த்து ஊதுவார். ஒருமுறை கோப்பிக்கடையில் நான் கோப்பியில் மூன்றாவது கரண்டி சீனியைப் போடப்போனபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஊதினார். கரண்டி தானாகவே கீழே இறங்கியது.

ஓய்வு பெற்ற கையோடு ஒருநாள் காலை, பழைய ரைஸ் குக்கரின் உள்பானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். பூக்கவும் மாட்டேன், சாகவும் மாட்டேன் என்று நின்ற என் கத்தரிச் செடியோடு நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, சோத்துப் பானையோட கிளம்பிட்டீங்க?"

"குளம் திறக்கப் போறேன் தம்பி."

"யாருக்கு?"

அவர் மழைமரத்தை அண்ணாந்து பார்த்தார். "டிக்கெட் வாங்க முடியாதவங்களுக்கு."

முதல் குளம் பெருந்தோல்வி. சோறு ஒட்டாத பாத்திரத்தில் குருவியின் காலும் ஒட்டாது என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. முதல் வாடிக்கையாளராக வந்த ஒரு சிட்டு விளிம்பில் அமர்ந்தது, வழுக்கியது, முழுகியது. நான் வாயைத் திறப்பதற்குள் விசிலக்கா விசில் ஊதி, பாய்ந்து, தேநீர் வடிகட்டியால் அதை அள்ளி, உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டிருந்தார். சுண்டுவிரல் நுனியால் அதன் நெஞ்சை மெல்ல மெல்ல அழுத்தினார்.

"மூச்சு விடு கண்ணு. அக்கா இருக்கேன்ல. மூச்சு விடு."

குருவி ஒரு கண்ணைத் திறந்தது. அவ்வளவு பெரிய முகத்தை அவ்வளவு அருகில் பார்த்த அதிர்ச்சியோ என்னவோ, எந்த மருந்தும் இல்லாமல் எழுந்து பறந்துபோனது. விசிலக்கா நெடுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்தது ஒரு துளி நீர் மட்டும்தான். நானும் அதையே பார்த்தேன். உயிர் இருந்துவிட்டுப் போன இடம் அவ்வளவு சின்னதாக இருக்குமென்று எனக்கு அதுவரை தெரியாது.

அதன்பிறகு அவர் கட்டிய குளங்கள் எல்லாம் சொரசொரப்பானவை. மணலைக் குவித்து, அதன்மேல் யானைக் காதளவு சேப்ப இலையைக் கவிழ்த்துப் போட்டு, சிமெண்டைக் குழைத்து அப்புவார். காய்ந்ததும் இலையை உரித்தால் கல்லாலான இலை ஒன்று கிடைக்கும். நரம்பு நரம்பாக ஓடும் அதன் வரிகளில் பறவை கால் பதித்து நிற்கும். தண்ணீர் ஊற்றினால் விளிம்பில் வெறும் ஈரம், நடுவில் விரல்கணு ஆழம். "ஓரத்துல பாப்பா குளம், நடுவுல பெரியவங்க குளம்" என்பார். இரண்டுக்கும் நடுவே சிவப்பு நூலும் கட்டினார். 'ஓடாதே, தள்ளாதே, தலைகீழாகக் குதிக்காதே' என்று இந்த ஊரின் நான்கு ஆட்சி மொழிகளிலும் எழுதி வைத்தார். மைனா எந்த மொழியில் படித்தது என்று தெரியவில்லை. ஆனால் ஓடவில்லை.

தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் பாத்திரக்கடைக்கு அவரோடு போவது தனி அனுபவம். அடுக்கில் இருக்கும் தட்டு ஒவ்வொன்றையும் இறக்கச் சொல்லி, இரண்டு விரல்களைக் குருவிக்கால்போல விளிம்பில் நடக்க விட்டுப் பார்ப்பார். விரல் வழுக்கினால் தட்டு திரும்ப மேலே போகும். கடைசியில், ஒளி மங்கிப்போன, சுத்தியல் தழும்புகள் நிறைந்த ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அவர் விரல்கள் நின்றன.

"கல்யாணச் சீருக்கா, அக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, குளிக்க."

கடைக்காரர் தாம்பாளத்தைப் பார்த்தார். அக்காவின் ஆகிருதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வியாபாரம் தெரிந்தவர், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

தினமும் மாலை வெளிச்சம் சாயும்போது ஒரு நீண்ட விசில். குளம் மூடும் நேரம். கொண்டைக்குருவி, மாங்குயில், புறா எல்லாம் சிறகை உதறிக்கொண்டு எழும்பும். அக்கா ஒவ்வொரு குளமாகக் கவிழ்த்து, தேய்த்து, துடைத்து வைப்பார். தண்ணீர் அவரிடம் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. "தேங்குற தண்ணி கெட்ட தண்ணி லா" என்பார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து. கொசு முட்டையிட வழியே இல்லை.

ஆனால் கொசு வேறெங்கோ முட்டையிட்டது. எங்கள் வட்டாரத்தில் டெங்கிக் காய்ச்சல் பரவி, பிளாக்கின் அடியில் சிவப்பு எச்சரிக்கைப் பதாகை தொங்கியது. தோட்டக் கமிட்டிக்குத் தலைவர் குமார். மண்வெட்டி பிடிக்கவே கூச்சப்படும் சாதுவான மனிதர். அவருடைய மகள் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தாள். இரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். சவரம் செய்யாத முகத்தோடு ஒரு காலை அவர் தோட்டத்துக்கு வந்தார்.

"அக்கா, நீங்க தினமும் கவுத்துடுறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா..." குளங்களைக் காட்டினார், பிறகு சிவப்புப் பதாகையைக் காட்டினார்.

பெரிய சண்டை வெடிக்கும் என்று நான் ஒரு பப்பாளி மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். விசிலக்கா சண்டை போடவில்லை. விசிலை எடுத்து ஊதினார், முற்பகல் வெயிலில், மூடும் நேரத்து நீண்ட விசிலை. பறவைகள் குழம்பி எழும்பின. அவரே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.

"உயிர் காப்பாத்துறதுதான் குமாரு என் வேலை. ஒரு ஆளு தண்ணியில தத்தளிச்சா மொத்த குளத்தையும் மூடணும். அதுதான் ரூல். நீ போ, புள்ளையப் பாரு."

குமார் அழுதுகொண்டே போனார். கவிழ்ந்த கல் இலைகளின் முதுகில் மைனாக்கள் வந்து உட்கார்ந்து, தட்டித் தட்டிப் பார்த்தன. அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பின் லிஃப்டில் யார் முட்டிமோதினாலும் விசில் கேட்கவில்லை. நான் தைரியமாக மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தேன். கோப்பி இனிக்கவில்லை.

மழையே இல்லாத ஒரு வாரம் அது. இருப்புக்கொள்ளாமல் தோட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவன், ஒரு காலையில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். மழைமரத்தடியில் விசிலக்கா நின்றுகொண்டிருந்தார். நீட்டிய இரண்டு கைகளிலும் அந்தப் பித்தளைத் தாம்பாளம். அதில் விரல்கணு ஆழத்துக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் காலை வானம்.

மருத்துவமனையில் மகளின் படுக்கையருகே இரவைக் கழித்துவிட்டு, குளிக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த குமாரும் நின்றுவிட்டார். "அக்கா, என்னக்கா இது?"

"கீழ வெச்சாத்தானே தேங்கும். கையில வெச்சா எப்படித் தேங்கும்?"

"அதில்லக்கா..."

"ஆள் தண்ணியப் புடிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா? இருந்தா காட்டு."

குமார் யோசித்தார். எதற்கும் விதி இருக்கும் இந்த ஊரில் இதற்கு ஒரு விதி இல்லை.

அன்று ஒரு பறவையும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தன் வாழ்நாளில் ஒரு நிமிடம் வாயை மூடாத, கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேசாத அந்த அம்மாள், சீர்த்தட்டு ஏந்தி வந்தவர் வாசலில் அழைப்புக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். எறும்பு காலில் ஏறியது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. விசில் நெஞ்சில் அசையாமல் கிடந்தது. நான் பப்பாளி மரத்தின் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கவிதை எழுதுகிறவன் என்று என்னைச் சொல்லிக்கொள்கிறேன். அந்த நிற்பைப்போல ஒரு வரி நான் எழுதியதில்லை.

பிறகு ஒரு காலையில் கிளையிலிருந்து ஒரு மைனா இறங்கியது. அக்காவின் தோளில் உட்கார்ந்து அவர் காதுக்குள் எட்டிப் பார்த்தது. முழங்கை வழியாக மெல்ல நடந்து வந்து விளிம்பில் நின்றது. ஒரு வாய் குடித்தது. இறங்கியது. சிறகால் தண்ணீரை அடித்து அடித்து அவர் முகமெல்லாம் தெறிக்கும்படி குளித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வேலிக்கம்பியில் காகம் வரிசையில் நின்றது.

குமாரின் மகள் தேறி வீடு திரும்பினாள். பதாகையும் இறங்கியது. குமார் ஓடிவந்து சொன்னார்: "அக்கா, இனிமே எல்லாத்தையும் கீழ வைக்கலாம்."

கல் இலைகளை அக்கா மறுபடி நிமிர்த்தி வைத்தார். ஆனால் காலையில் கொஞ்ச நேரம் தாம்பாளத்தோடு நிற்பதை விடவில்லை.

"ஏன்க்கா, கை வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"வலிக்குது லா. இத்தனை வருஷம் நாற்காலியில உட்கார்ந்து தூரத்துலேர்ந்தே பாத்துட்டேன். இப்பதான் தம்பி என் மேல தண்ணி தெறிக்குது."

வலித்த தோளுக்கு இப்போது அறுவை சிகிச்சை முடிந்து, அக்கா பொங்கோல் வட்டாரத்தில் தங்கை வீட்டில் ஓய்வில் இருக்கிறார். போகும்போது தாம்பாளத்தை என்னிடம் கொடுத்து, "ஆடாம நில்லு, அது போதும்" என்றார். ஆடாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு இப்போது தெரியும். இன்று காலை மைனா வந்து விளிம்பில் உட்கார்ந்தது. குளிக்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்கா தினமும் இறங்கி வரும் லிஃப்ட் பக்கம் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது.

தண்ணீர் சிந்தாமல் நானும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.