கண்ணாடியில் மணி பார்த்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். போன ஞாயிறு 'அப்பாவுக்கு நலமில்லை' என்று போனில் சொன்னதைத் திரும்பப் பெறவே இக்கடிதம். போனில் சொன்னால் நடுவில் அழுவாய், அதனால் எழுத்தில்.

நடந்தது இதுதான். எங்கள் கம்பெனி மென்பொருளுக்கு ஒரே வேலை: வயதானவர் திரையில் கடிகாரம் வரைந்தால், அந்தக் கோடுகளை வைத்தே மறதி நோயைச் சில வருடம் முன்பே மோப்பம் பிடிப்பது. சோதிக்க ஆள் கிடைக்காமல் அப்பாவை உட்காரவைத்து, மணி பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னேன். மனுஷன் எண்களை இடப்பக்கமாகச் சுற்றி எழுதி, முள்ளையும் திருப்பி வைத்தார், திரை சிவந்தது, உனக்குப் போன் போட்டேன், நீ 'கத்தியைப் பிடுங்கு, சலூனைப் பூட்டு' என்றாய், நானும் போய்ச் சாவியைக் கேட்டேன். அப்பா வீட்டில் கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சாவி எதுக்குடா?"

"கடிகாரத்தத் திருப்பி வரைஞ்சிருக்கீங்க."

"கடையில கடிகாரம் என் முதுகுக்குப் பின்னாடி. முப்பது வருஷமா கண்ணாடியிலதான் மணி பாக்கிறேன். நீ கடைப்பக்கம் வந்தாத்தானே தெரியும்? ஆபீஸ் பக்கத்துல ஏசி போட்ட இடத்துலதானே தலையக் குடுக்கிற."

ஆறு வருடமாக நான் அப்பாவிடம் முடி வெட்டிக்கொள்ளவில்லை. மெஷின் முட்டாள், அக்கா. வியாழக்கிழமை அப்பாவைக் காட்ட டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிட்டேன், நீயும் இங்கு வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய். கத்தி அப்பாவிடமே இருக்கட்டும்.

பிரார்த்தனை எனக்கு வராது. மாமாவின் முட்டிவலி குறையட்டும், வாண்டுகள் சண்டையில்லாமல் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
அவசரத்தில் தம்பி

பி.கு.: தபாலில் போடப் போகிற வழியில், மேனேஜருக்குக் காட்ட அந்தக் கடிகாரத்தைப் படமெடுக்கக் கடைக்குள் நுழைந்தேன். கடிகாரம் எதிர்ச்சுவரில், கண்ணாடிக்கு மேலே, நேராக அப்பாவைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. "அத இங்க மாத்தி நாலு வருஷம் ஆச்சே தம்பி" என்றார் நாற்காலியில் இருந்த தையல்காரர். அவரை அனுப்பிவிட்டு அப்பா கத்தியை மடித்து என் கையில் வைத்தார்.

"ஒரு வருஷமா என் ஞாபகத்து மேல எனக்கே சந்தேகம்டா. கண்ணாடிக் கதைய நீ நம்பிட்ட, உன் மெஷின் நம்பல பாரு. அது உன்னவிட விவரம். கத்தியத்தான் குடுத்தேன், கத்தரி என்கிட்ட இருக்கு. உட்காரு."

உட்கார்ந்தேன். டாக்டரை மறுபடி பிடித்துவிட்டேன், அதே வியாழன், பத்து மணி. டிக்கெட்டை ரத்து செய்யாதே. என் தலையில் இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. ஆபீசில் கேட்டால், கண்ணாடியில் பார்த்து வெட்டியது என்று சொல்லிக்கொள்கிறேன்.