வெள்ளானூர் வளைகாப்பில் எனக்கு வந்த வலி

டாக்டரிடம் போகப் பயப்படுகிறவர்கள் தாங்களே டாக்டராகிவிடுவார்கள். நானும் ஆனேன்.

கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு, அடிவயிற்றில் தையல் போட்ட இடத்தில் ஒரு வீக்கம் எட்டிப் பார்த்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். மறுபடியும் கத்தி என்று நினைத்தாலே எனக்கு நடுக்கம். அதனால் "கேஸ்" என்று நானே தீர்ப்புச் சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தேன். அது எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவுக்கு வளர்ந்தது. புடவைக் கொசுவம் மறைத்துவிடுகிறது என்று நம்பினேன். (அம்பத்தூர் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தபோதுகூட, மரியாதை தெரிந்த பிள்ளை என்றுதான் நினைத்தேன்.)

வெள்ளானூரில் நாத்தனார் மகள் பவித்ராவுக்கு வளைகாப்பு. அவளுக்கு வளையல் போடக் குனிந்தேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா என் வயிற்றையே பார்த்தார்.

"இன்னாமே, நீயும் முழுகாம கீறியா? இந்த வயசுல! சொல்லவே இல்ல பாரு!"

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் சந்தனம், கையில் வளையல். இல்லை என்றால், அப்போது வயிற்றில் என்ன என்று கேட்பார்களே! வேறு வழி தெரியாமல் வெட்கப்பட்டுத் தொலைத்தேன்.

செய்தி மண்டபத்தைச் சுற்றி வந்தது. நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணி, கர்ப்பப்பையத்தான் எடுத்துட்டாங்களே!" சாம்பார் வாளியோடு என் கணவர் சிலையாக நின்றார். அவர் முகத்தில் தெரிந்த கேள்வியை இங்கே எழுத மாட்டேன்.

நான் கர்ப்பிணி இல்லை என்று நிரூபிக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி, புளிசாத அண்டாவைத் தூக்குவது. தூக்கினேன். வீக்கம் கல்லாகப் புடைத்து நின்றது. அமுக்கினேன், உள்ளே போகவில்லை. வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"வலி வந்துட்ச்சி! ஆட்டோவ கூப்டுங்கடா!" என்று பெரியம்மா அலறினார்.

ஆவடி ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்த அவர், எங்களை நேராகப் பிரசவ வார்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எத்தனை மாசம்?" என்றார் நர்ஸ்.

வீக்கத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ரெண்டு வருஷம்" என்றேன்.

நர்ஸ் கணவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெர்லீங்க சிஸ்டர்" என்றார் அவர்.

ஒருவழியாக ஒரு பெண் சர்ஜன் வந்தார். வலிக்கு ஊசி போட்டு, படுக்கவைத்து, மெல்ல மெல்ல அமுக்கினார். களக் என்ற சத்தத்தோடு அது உள்ளே போனது.

"கேஸ் இல்லம்மா, குடல். ஆபரேஷன் பண்ண எடத்துல தசை விட்டுப்போச்சு. அந்தச் சந்து வழியாத்தான் குடல் வெளிய வருது. இதுக்குப் பேர் ஹெர்னியா. இன்னிக்கு மாட்டிக்கிச்சு. அப்படியே விட்டிருந்தா ரத்த ஓட்டம் நின்னு குடல் அழுகியிருக்கும். உயிருக்கே ஆபத்து."

கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி வயித்தக் கிழிப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வேணாம். சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பாத்துகிட்டே, உள்பக்கமா ஒரு வலைய வெச்சிடுவோம்."

"கொசுவல மாதிரியா?" என்றார் கணவர்.

"கிட்டத்தட்ட. அதுமேல சதை வளந்து கெட்டியாயிடும்."

ஸ்கேன் எல்லாம் எடுத்து, அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. மறுநாளே வராந்தாவில் நடந்தேன். இத்தனை நாள் நான் பயந்த பயத்துக்கு, வயிற்றில் குட்டிக் குட்டித் தழும்புகள்தான் மிச்சம். சிரித்தால் மட்டும் வலித்தது. அது தெரிந்ததும் உறவுக்கூட்டம் முறை வைத்து வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனது.

இப்போதும் கல்யாண வீட்டில் யாராவது என் கணவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் நான் நைசாக நகர்ந்துவிடுவேன். பதில் எனக்கு மனப்பாடம்.

"பெர்சு பொண்ணு, காலேஜ் போவுது. சின்னது, வயித்துல வெச்ச வல. அது அம்மாவ உட்டு எங்கியும் போவாது."