பூவாயி வாங்கிய குளுமைச் சான்று

ஒரு காட்டில் வெயில் மட்டும் வஞ்சனையில்லாமல் விளைந்தது. மழை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பிவிடும். மரம் என்றால் அங்கே உடைமரம். நிழல் என்றால் அதன் முள்ளின் நிழல்.

அந்தக் காட்டில் பூவாயி என்றொரு வெள்ளெலி, கண் திறக்காத ஐந்து குட்டிகளோடு வாழ்ந்துவந்தாள். அவளுடைய வளை இரண்டு முழ ஆழம். வாசலிலிருந்து வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு, அதற்குப் பிறகு காய்ந்த புல் பரப்பிய ஓர் அறை. விடியும் நேரத்தில் இரை தேடி முடித்து உள்ளே போனதும், வாசலை மண்ணால் அடைத்துவிடுவாள். அனல்காற்று வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். உள்ளே புதுப்பானையின் வயிறு போலக் குளுகுளுவென்று இருக்கும். குட்டிகள் தூங்கும்.

இப்படி இருக்கையில், காட்டு ராஜாவான சிங்கம் ஒரு குளிர்நாட்டு மாநாட்டுக்குப் போய்வந்தது. வெப்பக் காட்டில் வீடு கட்டுவது எப்படி என்று அங்கே மூன்று நாள் பேசினார்கள். சிங்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டது. திரும்பி வந்ததும் ஓர் ஆணை பிறந்தது: எல்லோரும் தங்கள் வீட்டுக்குக் குளுமைச் சான்று வாங்க வேண்டும். வாங்காதவர்கள் அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பூவாயி வரிசையில் நின்று படிவம் வாங்கினாள். கூரை எதனால் ஆனது என்று கேட்டிருந்தது. மண் என்று எழுதினாள். சுவர்? மண். தரை? மண். ஜன்னல்கள் எத்தனை, எந்தத் திசை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். பூந்தொட்டிகளுக்கும் இன்னொரு கோடு.

படிவத்தை வாங்கியவர் ஆய்வாளர் தணிகாசலம். அவர் ஓர் ஓணான். படித்துக்கொண்டே தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். ஓணானுக்குத் தலை ஆடுவது மூச்சு விடுவது மாதிரி. அது பூவாயிக்கும் தெரியும். ஆனாலும் மனு கொடுத்துவிட்டு நிற்பவர்களுக்கு, எதிரே ஆடும் தலை சம்மதமாகத்தான் படும். அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

எட்டாம் நாள் நோட்டீஸ் வந்தது. கட்டிய சுவரும் ஜன்னலும் இல்லாத இடத்தை வீடு என்று கருத முடியாது, உடனே வெளியேறவும் என்று அதில் இருந்தது.

பக்கத்து மேட்டில் குடியிருந்த நரி வரதப்பனுக்குச் செய்தி எட்டிவிட்டது. அவருடைய வீட்டுக்குத் தகரக் கூரை, மேற்கே முழுக்கக் கண்ணாடிச் சுவர், வாசலில் பதினொரு பூந்தொட்டிகள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண்.

"இந்தா பூவாயி, மண்ணைத் தோண்டினால் அதற்குப் பெயர் பள்ளம்" என்றார் அவர். "மண்ணுக்கு மேலே கட்டினால்தான் வீடு. இதுகூடத் தெரியாமல் ஐந்து பிள்ளை பெற்றுவிட்டாய்."

சொல்லிவிட்டு, பாதைக்கு அடியில் ஓடும் வறண்ட வடிகால் குழாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பகல் முழுவதும் அவர் அங்கேதான் இருப்பார், யாராவது வீடு பார்க்க வந்தால் மட்டும் வீட்டுக்கு வருவார். பூவாயி அதைக் கவனித்தாள். அப்போது அவளுக்கு அது விளங்கவில்லை.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சான்று மறுக்கப்பட்டவர்கள் மறு ஆய்வு கேட்கலாம், அது உச்சிப்பொழுதில் நடக்கும். பூவாயி கேட்டாள்.

மறுநாள் உச்சியில் தணிகாசலம் நாக்கு தொங்க வந்துசேர்ந்தார். வலப்பக்க வளைவு வரை சலிப்போடு போனார். இடப்பக்க வளைவில் அவருடைய தலை ஆடுவது நின்றது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக நின்றது. புல்மேல் உட்கார்ந்தார், சாய்ந்தார், நாலு மணிக்கு எழுந்தார். எழுந்ததும் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார்.

பூவாயி குட்டிகளைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்ததுதான் அவள் செய்த தவறு. மறுநாளிலிருந்து ஆய்வாளர் பாயோடு வந்தார். எழுத்தர் பல்லியும் எழுத்தர் அரணையும் கூட வந்தார்கள். முன்மாதிரி வீடு என்பதால் தினமும் பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை தொடர் ஆய்வு என்றும், அந்த நேரத்தில் குடியிருப்பவர்கள் வெளியே இருப்பது விதி என்றும் சொன்னார்கள். அரணைக்கு எதற்கு வந்தோம் என்பது இரண்டாம் நாளே மறந்துபோனது. தூங்க மட்டும் மறக்கவில்லை.

பூவாயி குட்டிகளோடு உடைமரத்தடியில் கிடந்தாள். ஐந்தாம் நாள் கடைக்குட்டி பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. அதன் தோல் கன்றிப்போயிருந்தது. இன்னும் நாலு நாள் தாங்காது.

அவள் சண்டை போடவில்லை. படிவத்தை இன்னொரு முறை முழுக்கப் படித்தாள். நரி ஏன் பகலெல்லாம் குழாயில் படுக்கிறார் என்பது இப்போது விளங்கியது. பிறகு உள்ளே போய்ப் பணிவாக நின்றாள்.

"சார், எனக்கு உங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது" என்றாள். "முழு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். மேலிடத்திலிருந்து யாராவது வந்து, ஜன்னல் எங்கே, கூரை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

ஐந்து நாளாக அசையாத தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

"எத்தனை ஜன்னல் வேண்டுமாம்?"

"நாலு, சார். மேற்கே பார்த்து."

அன்றைக்கே வேலை தொடங்கியது. வளையின் மேல்மண்ணை வழித்தெடுத்து, அந்த இடத்தில் தகரம் போட்டார்கள். வளைவுகள் படிவத்தில் இல்லாததால் இரண்டையும் நேராக்கினார்கள். மேற்கே நாலு கண்ணாடி ஜன்னல்கள் வைத்தார்கள். வாசலில் பதினொரு தொட்டிகள் வந்து நின்றன. மூன்றாம் நாள் மதியம் தணிகாசலம் இறுதி அறிக்கை எழுத உள்ளே உட்கார்ந்தார். பேனா தாளைத் தொடும் முன்பே மை காய்ந்துவிட்டது. கட்டடம் எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது என்று வெளியே வந்துதான் எழுதினார். மூவரும் வேறு முன்மாதிரி வீடு தேடி ஓடினார்கள்.

பூவாயி சான்றைக் கண்ணாடியில் ஒட்டினாள். பிறகு பதினோராவது தொட்டியின் பின்னால் இரண்டு முழம் தோண்டினாள். வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய், வாசலை மண்ணால் அடைத்தாள். சற்று நேரத்தில் கடைக்குட்டி பாலுக்கு முட்டியது.

அடுத்த வருடம் சான்றைப் புதுப்பிக்கத் தணிகாசலம் வந்தார். தொட்டியின் பின்னால் கிடந்த ஈரமண்ணைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார்.

"செடிக்கு எடுத்த மண், சார்."

"நீ எங்கே குடியிருக்கிறாய்?"

பூவாயி தகதகவென்று எரிந்த கண்ணாடி வீட்டைக் காட்டினாள். தணிகாசலம் தலையை ஆட்டினார்.

நீதி: சான்றுக்கு ஒரு வீடு கட்டு, குடியிருக்க ஒரு பள்ளம் தோண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறவர் வீட்டில் அதிகாரி தூங்குவார்.