டிஷ்ஷுக்கு ஜிகினா ஒட்டின கதை

ஆயுத பூஜை லீவு. வீட்ல எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. மொட்டை மாடியில இருக்கிற டிவி டிஷ்ஷைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வைக்கணும்.

செஞ்சுட்டு இறங்கியிருந்தா, பொரி கடலை தின்னுட்டு நிம்மதியா உட்கார்ந்திருக்கலாம்.

ஆனா எனக்கு வானவியல் பைத்தியம் உண்டே! சூரியன் வெளிச்சம் மட்டும் அனுப்பல, ரேடியோ அலையும் அனுப்புது, அதை வீட்டு டிஷ்ஷே பிடிக்கும்னு வீடியோவுல பார்த்திருந்தேன். டிஷ் சிக்னல் பார்க்கிற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி பீரோவுல ஒளிச்சும் வச்சிருந்தேன். டிஷ்ஷை சூரியன் பக்கம் திருப்பினா மீட்டர் 'கீ'ன்னு கத்தும். அவ்வளவுதான்.

மனைவி மாலதிகிட்ட அனுமதி கேட்டேன். சாயங்காலம் டிவியில புதுப்படம். அதைப் பார்க்க சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து அவங்க வீட்டு ஜனம் மொத்தமும் கூடுவாஞ்சேரிக்கு வருது.

"படம் மட்டும் வரலைன்னா, அவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்"னா.

பழையபடி திருப்பி வச்சிடுறேன்னு சத்தியம் பண்ணேன்.

மாடியில மச்சினன் சேகர். காலையிலேயே வந்து, தன்னோட வேனுக்கு சில்வர் ஜிகினா ஒட்டி முடிச்சு, மிச்சத் தாளோட நின்னுட்டு இருந்தான். "டிஷ்ஷு மொட்டையா கீது மாமா, ஒட்டிடலாமா?"ன்னான்.

இங்கதான் என் அறிவு வேலை செஞ்சுது. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா சூரியன் இன்னும் நல்லா சிக்கும்னு கணக்குப் போட்டேன். ஒரு சுருக்கம் இல்லாம நானே தேய்ச்சுத் தேய்ச்சு ஒட்டினேன். மேல பொட்டும் வச்சேன்.

டிஷ்ஷைத் திருப்பினேன். மீட்டர் கத்துச்சு! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

உடனே சேகருக்கு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சேன். காமா கதிர், எக்ஸ்ரே, புற ஊதா, வெளிச்சம், அகச்சிவப்பு, ரேடியோன்னு வரிசையா சொன்னேன். ஒவ்வொண்ணுலயும் பார்த்தா வானம் ஒவ்வொரு மாதிரி தெரியும்டான்னேன். அகச்சிவப்புன்னா நாம உணர்ற சூடுதான்னு சொல்லும்போது மீட்டர் நின்னுடுச்சு.

சேகர் மூக்கை உறிஞ்சினான்.

"மாமா, நீ சொன்ன சூடு அங்க வந்துகினு கீது பாரு."

டிஷ்ஷுக்கு முன்னால கம்பியில நிக்குமே, சிக்னலை வாங்குற எல்என்பி, அதோட மூடி உருகி ஐஸ்கிரீம் மாதிரி வழிஞ்சுட்டு இருந்துச்சு. புகை வேற.

டிஷ்ஷுக்கு ஏன் மங்கலா சாம்பல் பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு அப்பதான் உறைச்சுது. அது ரேடியோ அலையை மட்டும் குவிக்கும், வெளிச்சத்தையும் சூட்டையும் சிதற விட்டுடும். நான் ஜிகினா ஒட்டி எல்லாத்தையும் ஒரே இடத்துல குவிச்சுட்டேன்.

டிஷ் ரிப்பேர்காரருக்கு போன் போட்டேன். புது எல்என்பி கைவசம் இருக்குன்னார். எனக்குப் போன உயிர் வந்துச்சு. உடனே வாங்கன்னேன்.

"ஸ்பேனரு, ஸ்க்ரூ டிரைவரு எல்லாத்தையும் சாமி முன்னால வச்சுட்டேனே சார். நாளைக்குத்தான் எடுக்கணும்."

வருஷத்துல ஒரு நாள் யாரும் ஸ்பேனரைத் தொட மாட்டாங்க. அந்த நாளா பார்த்து உருக்கியிருக்கேன்.

சாயங்காலம் வேன் நிறைய வந்த ஜனம் அப்படியே எதிர் வீட்டு ஹாலுக்குப் போச்சு. கடைசியா, தலையைக் குனிஞ்சுட்டு நானும் போனேன்.

உங்க டிவிக்கு என்ன ஆச்சுன்னு எதிர் வீட்டம்மா கேட்டாங்க. மாமியார் வீட்டு ஜனம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாலதி சொன்னா:

"டிவி நல்லாத்தான் கீதுக்கா. எங்க வூட்டுக்காரரு கொஞ்சம் படிச்சவரு."